சோலைவரிப் பற்றுச்சீட்டில் ஒரு திருமதி

போன வருடம், ஆசையம்மாவின் அந்தியேட்டிக் கிரியை முடிந்து மூன்றாம் நாள். தலை முழுகிவிட்டு விறாந்தையில் முடியை உலர்த்திக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. "பிள்ளை, மானிப்பாய் வீட்டை ஆச்சி உங்கட பேருக்கு எழுதி வைச்சிருக்கிறா. மரணசாசனம் என்னட்டத்தான் கிடக்கு. ஒருக்கா வந்திட்டுப் போங்கோ" என்றார் பேசியவர். தன்னைச் 'சட்டத்தரணியும் பிரசித்த நொத்தாரிசும்' என்று பெயர்ப்பலகையை வாசிப்பதுபோல முழுதாக அறிமுகப்படுத்திக்கொண்டார். நான் கேட்ட முதல் கேள்வி, "எந்த வீடு?" என்பதுதான். அது ஆசையம்மாவின் வீடு என்று எனக்குத் தெரியும். ஆனால் அது யாருக்காவது போகக்கூடிய ஒரு பொருள் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை.

ஆசையம்மா என் அம்மம்மாவின் கடைசித் தங்கச்சி. அம்மா அவரை ஆசையம்மா என்று கூப்பிட்டா, நாங்களும் அப்படியே கூப்பிட்டோம். பிறகு பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கும் மருந்துக்கடைக்காரருக்கும்கூட அவர் ஆசையம்மாதான். என்னைவிட நெருங்கிய உரித்துக்காரர் அவருக்குப் பலர் இருக்கிறார்கள். தம்பியின் பிள்ளைகள் மூன்று பேர் லண்டனிலும் கொழும்பிலும். என் அம்மா ரொறன்ரோவில். நானோ கோண்டாவிலில் பாதி வீட்டை வாடகைக்கு எடுத்து இருப்பவள், மாதத்தில் ஒரு ஞாயிறு பிறசர் குளிசை வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வந்தவள், அவ்வளவுதான். செய்தி தெரிந்ததும் கொழும்பில் இருக்கும் மாமா வட்சப்பில் ஒரு நீண்ட குரல் பதிவு அனுப்பினார். அதைப் பாதிக்கு மேல் நான் இன்னும் கேட்கவில்லை. வேலையிடத்துச் சிநேகிதி மட்டும் சிரித்துவிட்டு, "இதென்னடி, நீ வாசிக்கிற பேய்வீட்டுக் காதல் கதை மாதிரியெல்லோ கிடக்கு" என்றாள். அவள் விளையாட்டாய்ச் சொன்னதுதான். எனக்கோ ஒரு வருடமாக அது உள்ளே கிடந்து அரிக்கிறது.

ஒற்றை வெளிச்சம்

அவள் சொன்ன அந்த வகைக் கதைகளில் எனக்கு உண்மையிலேயே பைத்தியம் இருந்தது. 1990 இல் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் போன பிறகு, கொழும்பிலிருந்து வந்து அயலில் தங்கிய ஒரு குடும்பத்தின் றங்குப்பெட்டியில் அரைவாசி இங்கிலீசுக் காகித அட்டைப் புத்தகங்கள். எனக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று வயது. நாலு சொல்லில் ஒன்று விளங்காது. இருந்தாலும் கதை விளங்கும், ஏனென்றால் எல்லாம் ஒரே கதை. தாய் தகப்பன் இல்லாத ஒரு பெண்ணுக்குச் சட்டத்தரணியிடமிருந்து கடிதம் வரும். கேள்விப்பட்டே இராத ஒரு உறவு செத்துப்போய், கடற்கரைப் பாறைமேல் ஒரு பெரிய வீடு அவளுக்கு வந்திருக்கும். வீட்டில் வாய் திறக்காத ஒரு வேலைக்காரி, பூட்டின ஒரு அறை, நல்லவனா கெட்டவனா என்று கடைசிவரை பிடிபடாத ஒரு ஆண். அட்டைப்படம்கூட ஒன்றுதான்: வெள்ளை இரவுச்சட்டையோடு ஒருத்தி ஓடிக்கொண்டிருப்பாள், பின்னால் இருண்ட மாளிகை, அதில் ஒரேயொரு யன்னலில் மட்டும் வெளிச்சம்.

அந்த யன்னலில் என்ன பயம் என்று எனக்கு அப்போது விளங்கவேயில்லை. ஜாம் போத்தலின் அடியில் கொஞ்சம் பஞ்சு, அதில் மண்ணெண்ணெய், நடுவில் ஒரு திரி, இப்படி ஒரு விளக்கில்தான் நான் அதை வாசித்தேன். ஊர் முழுக்க வீட்டுக்கு ஒரு வெளிச்சம்தான். எங்கள் வீட்டைத் தூரத்தில் நின்று பார்த்தால் அந்த அட்டைப்படம் போலத்தான் இருந்திருக்கும். அதற்காக ஓட வேண்டியிருந்தால் நாங்கள் எல்லாரும் ஒவ்வொரு இரவும் ஓடியிருக்க வேண்டும்.

பிற்காலத்தில்தான் அந்தக் கதைகளின் பயம் பேயில் இல்லை, சட்டத்தில் இருக்கிறது என்று தெரிந்தது. அவை பிறந்த இங்கிலாந்தில் 1882 இல் சட்டம் மாறும்வரை, கல்யாணம் செய்த பெண்ணின் சொத்து பெரும்பாலும் கணவன் கைக்குப் போய்விடும். ஆகவே வீடு கிடைத்த பெண்ணைத் தேடி ஒருவன் வந்தால், 'இவன் விரும்புவது என்னையா, வீட்டையா?' என்பதுதான் முந்நூறு பக்கத் திகில். எங்கள் ஊரில் இந்தத் திகிலுக்கு இடமே இல்லை. எத்தனை பரப்புக் காணி, என்ன நகை, டொனேசன் எவ்வளவு என்று பெண்ணை மாப்பிள்ளை பார்ப்பதற்கு முதலே பேசி முடித்துவிடுகிறோமே! அதோடு, யாருக்கும் பாறைமேல் மாளிகை முழுதாக வருவதில்லை. பரம்பரையாக வரும் முதுசத்தில் ஆறிலொன்று, கிணற்றில் நாலிலொரு பங்கு, வழிவாய்க்கால் உரித்து, எல்லையில் நிற்கும் பனையில் சண்டை. இப்படித்தான் வரும். பங்குக் கிணற்றடியில் நின்று யாரும் மர்மமாக இருக்க முடியாது. துலாவை யார் எத்தனை மணிக்கு இழுத்தார்கள் என்பதுகூட நாலு வீட்டுக்குத் தெரியும்.

அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

குங்குமம்

நொத்தாரிசிடம் போக முதல் வீட்டைப் பார்க்கப் போனேன். திறப்பு பக்கத்து வீட்டில் இருந்தது. ஒரு காலத்தில் நாற்சார் வீடு. 1987 ஒக்ரோபரில் மேற்குப் பக்கம் செல் விழுந்து, அந்தச் சார் பின்னர் எழும்பவேயில்லை. ஆகவே இப்போது மூன்று சார், நாலாவது இடத்தில் ஒரு பப்பாசி. பீலியில் பாசி. தெற்கு அறைக் கதவுக்குக் கொளுக்கியும் இல்லை, பூட்டும் இல்லை. எப்போதோ யாரோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அதன்பின் ஆசையம்மா ஒரு பழைய சேலைக் கரையைக் கிழித்து, இரண்டு வளையத்தையும் சேர்த்துக் கட்டி வைத்திருந்தார். என் புத்தகங்களில் பூட்டின அறைக்குத் துருப்பிடித்த இரும்புத் திறப்பு ஒன்று இருக்கும். இங்கே ஊதாநிறச் சேலைக்கரை, அதுவும் சுருக்கு முடிச்சு. இழுத்தால் அவிழ்ந்துவிடும். ஆனாலும் சின்ன வயதில் அதை ஒருவரும் இழுத்ததில்லை.

உள்ளே பெட்டகம், இரண்டு சாக்கு ஒடியல், வளையில் தொங்கும் சின்ன வெங்காயப் பிடிகள். சுவரில் ஆணியடித்து ஒரு சைக்கிள் பம்ப். பெட்டகத்தின் பக்கத்தில், கம்பியில் கோத்த பற்றுச்சீட்டுகள், ஒரு முழ உயரத்துக்கு. அடியில் இருப்பவை பழுப்பேறி, ஓரம் எல்லாம் பூச்சி அரித்து, தொட்டால் பொரிந்தது. மேலே வர வர வெள்ளை. வீட்டுக்காகப் பிரதேச சபைக்குக் கட்டும் சோலைவரிச் சீட்டுகள். வருடம் தவறவில்லை. 1996 இல்கூட ஒன்று இருந்தது. சும்மா நுனிவிரலால் புரட்டிக்கொண்டு போனவள் ஒரு சீட்டில் நின்றேன். 'திருமதி' என்று இருந்தது. எழுதினவர் கைப்பிழை என்று நினைத்து அடுத்ததைப் பார்த்தேன். அதற்கடுத்ததை. எல்லாவற்றிலும் திருமதி.

ஆசையம்மா கல்யாணம் முடிக்காதவர். அப்படித்தான் எங்களுக்குச் சொல்லப்பட்டது. 'சரிவரேல்லை' என்ற ஒற்றைச் சொல்லோடு அந்தக் கதை முடிந்துவிடும். சாதகமா, சீதனமா, செவ்வாயா என்று யாரும் விரித்துச் சொன்னதில்லை. யாழ்ப்பாணத்தில் 'சரிவரேல்லை' என்றால் மேற்கொண்டு கேட்கக்கூடாது என்று அர்த்தம்.

நான் ஒருமுறை கேட்டிருக்கிறேன். எட்டு வயதிருக்கும். மருதடிப் பிள்ளையார் கோயில் தேருக்குப் போய்விட்டு வந்து எல்லாரும் அந்த விறாந்தையில் இருந்தோம். எங்கள் பக்கத்தில் கல்யாணமாகாத பெண்கள் கறுப்புச் சாந்துப்பொட்டு வைப்பார்கள், ஆனவர்கள் குங்குமம். பள்ளிக்கூடத்தில் யாரோ சொல்லி அது எனக்கு அப்போதுதான் புதிதாகத் தெரிந்திருந்தது. "ஆசையம்மா, நீங்கள் ஏன் குங்குமம் வைச்சிருக்கிறியள்?" என்றேன். அம்மா என் தொடையில் கிள்ளின கிள்ளு மறுநாளும் நீலமாக இருந்தது. ஆசையம்மா மட்டும் கோபிக்கவில்லை. என்னைப் பார்த்து, "வடிவாயில்லையோ?" என்று கேட்டார். "வடிவாயிருக்கு" என்றேன். "பிறகென்ன" என்றுவிட்டு எல்லாருக்கும் தேத்தண்ணி போட எழும்பிப் போனார்.

உறுதி

நொத்தாரிசின் அறையில் மின்விசிறி வேலை செய்யவில்லை. அவருக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும், தகப்பனும் அதே மேசையில் நொத்தாரிசாக இருந்தவராம். மரணசாசனத்தை வாசித்துக் காட்டினார். ஒன்றரைப் பக்கம். அதில் எனக்கு ஏன் தருகிறார் என்று ஒரு வரியும் இல்லை. 'என்னுடைய பேர்த்தி முறையான' என்று மட்டும் இருந்தது. சாசனத்தை நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டும், அதற்குச் சில மாதம் எடுக்கும் என்றார். பிறகு, "மூல உறுதியையும் ஒருக்காப் பாருங்கோ" என்று பச்சை நாடா கட்டின ஒரு கட்டைத் தள்ளினார்.

காணி உறுதியை வாசித்தவர்களுக்குத் தெரியும், அது ஒரு மூச்சில் ஓடும் ஒரே வசனம். மானிப்பாயில் இருக்கும் இன்ன பெயருடைய காணி, பரப்பு மூன்று குழி ஏழு, இதற்கு எல்லை கிழக்கு இன்னார், வடக்கு ஒழுங்கை, மேற்கு இன்னார், தெற்கு இன்னார், இதற்குள் அடங்கிய வீடு, கிணறு, வான்பயிர், செய்பயிர் முழுவதும். நான் எல்லைப் பெயர்களில்தான் கண்ணை ஓட்டினேன். அதில் வரும் ஆட்களின் பேரப்பிள்ளைகளோடுதான் நான் விளையாடினேன். அப்படியே மேலே போனபோது முதல் பக்கத்தின் தலைப்பு கண்ணில் பட்டது. நன்கொடை உறுதி அல்ல. சீதன உறுதி. 1957. 'எமது மகளாகிய' என்று ஆசையம்மாவின் பெயர். அதற்கடுத்து, 'இவரை விவாகம் செய்துள்ள' என்று ஒரு ஆணின் பெயர், தகப்பன் பெயர், ஊர் சண்டிலிப்பாய். கடைசிப் பக்கத்தில் சீதனத்தை ஏற்றுக்கொண்டதற்கு இரண்டு கையெழுத்துகள். ஆசையம்மாவினுடையது நான் அறிந்த அதே கோணல் எழுத்து. பக்கத்தில் நீல மையில், தமிழில், வேகமாக, அடியில் ஒரு கோட்டோடு இன்னொன்று.

எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று தெரியாது. நொத்தாரிசு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "உங்களுக்குத் தெரியாதோ?" என்றார். தெரியாது என்றேன். அவர் உறுதியைத் தன் பக்கம் திருப்பி, யாரோ கேட்டுவிடுவார்கள் என்பதுபோலக் குரலைத் தாழ்த்தினார். அறையில் நாங்கள் இரண்டு பேர்தான் இருந்தோம். எழுத்து, அதாவது கல்யாணப் பதிவு, முடிந்ததாம். தாலிகட்டு ஆறு மாதம் கழித்து என்று நாள் குறித்திருந்தார்களாம். அதற்குள் மாப்பிள்ளைக்குக் கணக்கியல் படிக்க லண்டனுக்கு இடம் கிடைத்து, பெண்வீட்டுக் காசில் கப்பலேறி, முதல் வருடம் கடிதம், இரண்டாம் வருடம் கடிதமில்லை, மூன்றாம் வருடம் அங்கே ஒரு வெள்ளைக்காரப் பெண்ணோடு இருக்கிறார் என்று பேச்சு. "தாலி கட்டேல்லை எண்டாலும் எழுத்து முடிஞ்சால் சட்டத்துக்குப் புருசன்தானே, பிள்ளை" என்றார்.

அதற்குப் பிறகு அவர் சொன்னதுதான் என்னால் இன்றுவரை இறக்கிவைக்க முடியாமல் இருப்பது. தேசவழமை என்று நாங்கள் வாய்க்கு வாய் சொல்கிறோமே, ஒல்லாந்தர் காலத்தில் 1706 இல் கிளாஸ் ஐசாக்ஸ் என்ற திசாவை (ஒல்லாந்தரின் அதிகாரி) எங்கள் வழக்கங்களைக் கேட்டுத் தொகுத்து, பன்னிரண்டு முதலிமார் பார்த்துச் சரியென்று ஒப்புக்கொண்ட அந்தச் சட்டம், பெண்ணின் சீதனம் பெண்ணுடையது என்றுதான் சொல்கிறது. அதில் எங்களுக்குப் பெருமையும் உண்டு. ஆனால் 1911 ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், வழியுரிமைக் கட்டளைச் சட்டத்தில் ஆறாம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. கல்யாணமான பெண் தன் நகையை, காசைத் தன் விருப்பப்படி கொடுக்கலாம். காணியை, வீட்டை விற்பதென்றால், ஈடு வைப்பதென்றால், பிள்ளைக்கு நன்கொடையாக எழுதுவதென்றாலும் கணவனின் எழுத்துமூல ஒப்புதல் வேண்டும். வீடு அவளுடையதுதான். பேனை அவனுடையது.

"அப்ப ஆசையம்மாவாலை இந்த வீட்டை..."

"விக்கேலாது. ஆள் எங்கையெண்டு தெரியாட்டி, விட்டிட்டுப் போயிட்டாரெண்டால், மாவட்டக் கோட்டுக்குப் போய் அனுமதி எடுக்கலாம். விவாகரத்தும் எடுத்திருக்கலாம். அப்பா எத்தனையோ தரம் சொன்னவர். கோட்டிலை பேரைக் கூப்பிடுவினமே எண்டு கேட்டவவாம். ஓம், கூப்பிடுவினம் எண்டிருக்கிறார். அதோட சரி."

பிறகு மரணசாசனத்தை விரலால் தட்டிக் காட்டினார். அதே ஆறாம் பிரிவில்தான் இதுவும் இருக்கிறதாம்: உயிரோடிருக்கும்போது கொடுப்பதற்குத்தான் கணவனின் கையெழுத்து. மரணசாசனம் எழுதுவதற்கு அது வேண்டாம், கல்யாணமாகாதவள் மாதிரியே எழுதலாம். கையெழுத்துக் கேட்டு யாரிடமும் போகாமல் ஆசையம்மா அந்த வீட்டைத் தன் விருப்பத்துக்கு ஒருவருக்குக் கொடுக்கக்கூடிய வழி, சாவது ஒன்றுதான்.

மற்றப்படி ஆசையம்மாவைப் பற்றிச் சொந்தத்துக்குள் இருந்த ஒரே முறைப்பாடு, 'உந்தப் பழைய வீட்டைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு இருக்கிறா' என்பதுதான். சமாதானக் காலத்தில், 2003 வாக்கில், நல்ல விலைக்கு ஒருவர் கேட்டு வந்தார். விற்றுவிட்டு எங்களோடு வந்து இருங்கோ என்று அம்மாகூடக் கெஞ்சினா. ஆசையம்மா, "கிணத்துத் தண்ணி நல்ல தண்ணி, விட்டிட்டு எங்கை போறது" என்றார். நாங்கள் அதைப் பிடிவாதம் என்றோம், வயதானால் அப்படித்தான் என்றோம். நான் ஒருமுறை, பிறர் கேட்கும்படியாகவே, "ஆசையம்மாவுக்கு வீடுதான் புருசன்" என்று பகிடி விட்டிருக்கிறேன். எல்லாரும் சிரித்தார்கள். இப்போது யோசித்தால், விசயம் தெரிந்தவர்கள் எல்லாருமே அந்த விறாந்தையில் அப்போது இருந்திருக்கிறார்கள்.

அன்றிரவு ரொறன்ரோவுக்கு எடுத்தேன். அம்மா காலைத் தேத்தண்ணியோடு இருந்தா. சொல்லி முடிக்கும்வரை பேசாமல் கேட்டா.

"அதெல்லாம் எல்லாருக்கும் தெரிஞ்ச விசயம்தானே."

"எனக்குத் தெரியாதேம்மா. ஏன் சொல்லேல்லை?"

"நீ கேக்கேல்லையே."

"எட்டு வயசிலை கேட்டனான். கிள்ளினனீங்கள்."

அம்மா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, அங்கே பனி கொட்டத் தொடங்கிவிட்டது என்றா.

காற்று

தெற்கு அறையில் தொங்கிய சைக்கிள் பம்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். சிநேகிதி கேட்ட காதல் எங்காவது இருக்கிறதென்றால் அதில்தான் இருக்கிறது, நிச்சயமாகச் சொல்ல எனக்குத் துணிவில்லை.

1995 ஒக்ரோபர் 30 இரவு, யுத்தத்தால், யாழ்ப்பாணத்தின் வலிகாமம் பகுதி முழுக்க இடம்பெயர்ந்து கிளம்பியது எல்லாருக்கும் தெரியும், அதை நான் விவரிக்கப் போவதில்லை. ஒலிபெருக்கி அறிவிப்பு வந்தபோது எங்கள் வீட்டில் ஒரு சைக்கிள்கூட இல்லை. அப்பாவுடையதை முதல் கிழமைதான் யாரோ இரவல் வாங்கிப் போய்த் திரும்பி வரவில்லை. அம்மம்மாவால் நடக்க முடியாது. ஆசையம்மாவையும் கூட்டிக்கொண்டு போகலாம் என்று அவர் வீட்டுக்குப் போனால், அவர் வரவில்லை என்றார். அப்பா மன்றாடினார், அம்மா அழுதா. ஆசையம்மா தெற்கு அறைக்குள் போனார். போய், ஒரு ஆண்கள் ரலி சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். பெட்சீற்றால் மூடி வைத்திருந்ததை நான் முன்பு ஓரிரு முறை கண்டிருக்கிறேன், ஆனால் அது உடைந்த சைக்கிள் என்றுதான் எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். சங்கிலியில் எண்ணெய் மினுங்கியது. அப்பா ரயரை நசித்துப் பார்த்தார். கல்லுப் போல இருந்தது. 'காத்து அடிச்சுத்தான் கிடக்கு, கொண்டு போங்கோ' என்றார் ஆசையம்மா.

எரிபொருள் இல்லாமல் ஊரே சைக்கிளில் ஓடின அந்த ஐந்து வருடமும் அந்தச் சைக்கிள் அந்த அறைக்குள் நின்றிருக்கிறது. எனக்குப் பதினைந்து வயது. எனக்கு வந்தது கோபம்தான். ரியூசனுக்கு நான் எத்தனை மைல் நடந்திருப்பேன்! இதை ஒளித்து வைத்துக்கொண்டு இருந்தாரே என்று மழையில் நாவற்குழிப் பாலம் வரைக்கும் மனதுக்குள் திட்டிக்கொண்டே போனேன். அம்மம்மா பின் கரியரில் இருந்தா, அப்பா உருட்டினார். வழி முழுக்க அம்மம்மா சீற்றை ஒரு கையால் பிடித்திருந்தா, ஒரு சொல்லும் பேசவில்லை. களைப்பு என்று நினைத்தேன்.

அந்தச் சைக்கிள் கொடிகாமத்தில் விற்கப்பட்டது. அம்மம்மாவின் மருந்துக்கு, பிறகு அம்மம்மாவின் செத்தவீட்டுக்கு. 1996 இல் நாங்கள் திரும்பி வந்தபோது ஆசையம்மா வீட்டில் இருந்தார், மெலிந்து, அயல் வீட்டு நாய்கள் ஆறு ஏழோடு. அந்த ஆறு மாதத்தை அவர் எப்படிக் கழித்தார் என்று கேட்டால், ஒடியல் மா இருந்தது, முருங்கை இருந்தது என்பார், அதற்குமேல் போகமாட்டார். சைக்கிளை விற்றதை அப்பா எச்சில் விழுங்கிக்கொண்டு சொன்னார். "அக்காவுக்குத்தானே" என்றார் ஆசையம்மா. முகத்தில் ஏதாவது மாறியதா என்று நான் பார்க்கவில்லை. நான் நாய்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த ரலி யாருடையது என்று நொத்தாரிசைப் பார்த்த பிறகுதான் அம்மாவிடம் கேட்டேன். எழுத்து முடிந்து கப்பலேறும்வரை மூன்று மாதம், பின்னேரங்களில் சண்டிலிப்பாயிலிருந்து அதில்தான் வருவாராம். கடைசி நாள் காரில் போனதால் சைக்கிளை விட்டுவிட்டு, வந்து எடுக்கிறேன் என்றாராம். முப்பத்தெட்டு வருடம். மாதத்துக்கு இரண்டு தரம் காற்று அடித்தால் எத்தனை தரம் என்று கணக்குப் பார்க்கத் தொடங்கி, நடுவில் விட்டுவிட்டேன்.

போன மாதம் அந்தப் பம்பை ஆணியிலிருந்து எடுத்தேன். தண்டை இழுத்துப் பார்த்தால் வழுக்கிக்கொண்டு வந்தது. உள்ளே தோல் வாசர் எண்ணெய் ஊறி மெத்தென்று இருந்தது. சைக்கிள் போய் இருபத்தெட்டு வருடத்துக்குப் பிறகும்! எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. என் பழைய புத்தகங்களில் ஒன்றுக்குள் நிற்கிறேன் என்றே நினைத்தேன். அப்போது பக்கத்து வீட்டுப் பெடியன் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "அன்ரி, அந்தப் பம்பை ஒருக்காத் தாறீங்களே? ஆச்சி எங்களுக்கு எப்பவும் இரவல் தாறவ. எண்ணெய் விட்டுத் தாடா எண்டு சொல்லித்தான் தாறவ" என்றான். கொடுத்தேன்.

திருமதியா?

நொத்தாரிசிடம் இரண்டாம் முறை போனபோது, விற்கிற எண்ணம் இருக்கிறதா என்று கேட்டார். மூன்று சார் வீட்டைத் திருத்த என்னிடம் காசில்லை, யோசிக்கிறேன் என்றேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "பிள்ளையின்ர அவர் எங்கை இருக்கிறார்?" என்றார்.

இதை இங்கே எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். சரி. நானும் அவரும் பிரிந்து ஆறு வருடம். சண்டை கூச்சல் ஒன்றுமில்லை, ஒரு நாள் அவர் வவுனியாவுக்கு மாற்றம் வாங்கிக்கொண்டு போனார், நான் போகவில்லை. விவாகரத்து எடுக்கவில்லை. எடுக்க வேண்டிய தேவை வரவில்லை என்று மற்றவர்களுக்குச் சொல்லிவருகிறேன். அவரும் யாழ்ப்பாணத்தவர், எங்கள் கல்யாணமும் இங்கேதான். நான் பதில் சொல்லாமல் இருந்ததைப் பார்த்து நொத்தாரிசுக்கு விளங்கிவிட்டது. கல்யாணத்துக்குப் பிறகு வருகிற முதுசத்துக்கும் அதே ஆறாம் பிரிவுதான் என்றார். குரலில் ஒரு வருத்தமும் இல்லை, மழை வரும்போல இருக்கிறது என்கிற மாதிரிச் சொன்னார். இந்தப் பிரிவைப் பற்றிப் பெண்கள் எத்தனை காலமாகக் கேள்வி கேட்கிறார்கள் என்று நான் பத்திரிகையில் வாசித்திருக்கிறேன். வாசித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டியுமிருக்கிறேன்.

ஆசையம்மாவுக்கு என் விசயம் தெரியும். நான் சொல்லவில்லை, அம்மா சொல்லியிருக்கலாம். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் என்னிடம் என் கணவரைப் பற்றி ஒருமுறையும் கேட்டதில்லை. மற்ற எல்லாரும் கேட்டார்கள். அதனால்தான் எனக்கு எழுதினாரா, அல்லது மாதாமாதம் குளிசை கொண்டுபோனது நான் ஒருத்திதான் என்பதாலா, அல்லது இதே சிக்கல் எனக்கும் வரும் என்று தெரிந்தே எழுதினாரா என்று நான் மாற்றி மாற்றி யோசிக்கிறேன். மூன்றாவதை நினைக்கும்போது சில நாள் கோபம் வருகிறது. சில நாள் அவர் வேண்டுமென்றே சிரிப்பதுபோல இருக்கிறது.

இந்த வருடச் சோலைவரியைக் கட்டப் பிரதேச சபைக்குப் போனேன். மரணசாசன வழக்கு இன்னும் முடியவில்லை, ஆனாலும் வரி நிலுவையில் நிற்க வேண்டாம் என்று நினைத்தேன். யன்னலுக்கு உள்ளே இருந்த பிள்ளைக்கு இருபத்தைந்து வயதிருக்கும், கையில் மருதாணி. பழைய சீட்டைப் பார்த்துவிட்டு, ஆச்சி மோசம் போனது தெரியும் என்றாள், கட்டுகிறவர் பெயரைச் சீட்டில் எழுத வேண்டும் என்றாள். சொன்னேன். எழுதப் போனவள் பேனையை நிறுத்திவிட்டு, என் கழுத்தை ஒருமுறை பார்த்தாள், பிறகு நெற்றியை. அன்றைக்கு நான் ஒரு சின்னக் கறுப்பு ஒட்டுப்பொட்டு வைத்திருந்தேன், அவசரத்தில் கைக்கு வந்தது அதுதான்.

"செல்வியோ, திருமதியோ அக்கா?"

எனக்குப் பின்னால் வரிசையில் நாலு பேர் நின்றார்கள். ஆசையம்மா இந்த யன்னலில் எத்தனை தரம் நின்றிருப்பார், அவரிடம் இதை எத்தனை பேர் கேட்டிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். காசை எண்ணிக் கொடுத்துக்கொண்டே, "போன சீட்டிலை இருக்கிற மாதிரியே போடுங்கோ" என்றேன்.